இறங்காமல் போனவள்

அலாரம் அடித்தபோது பிற்பகல் மூன்று இருபது.

பட்டாசு அப்போது செத்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல். எதிரே உட்கார்ந்திருந்த மாணவன், நோய் திரும்பி வந்துவிட்டது என்று அவளிடம் சொல்லி முடித்திருந்தான்.

"சரிங்க டாக்டர்."

இந்த முறை நோய் மருந்துக்குக் கேட்காமலும் போகலாம் என்றான்.

"சரிங்க டாக்டர்."

வீட்டில் யாரையாவது கூட்டி வரச் சொல்லட்டுமா என்றான்.

"நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படிங்க."

அவளுக்கு நோய் எதுவும் கிடையாது. அது அவள் பார்க்கும் வேலை. மருத்துவக் கல்லூரியில் மாதிரி நோயாளிகள் என்று சிலரை வைத்திருந்தார்கள். நிஜ நோயாளியின் முன்னால் போய் உளறிக் கொட்டுவதற்கு முன்பு, மாணவர்கள் இவர்களிடம் உளறிப் பழகிக்கொள்ளலாம். சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அதில் தங்கள் முகம் தெரியும். மறுபக்கம் இருட்டில் இருப்பவர்களுக்கு அது ஜன்னல். அங்கே பயிற்சியாளர் உட்கார்ந்து மார்க் போடுவார்.

பட்டாசு நடித்த பாத்திரத்துக்குச் 'சரிங்கம்மா' என்று பெயர். எதற்கும் மறுப்புச் சொல்லாத பெண். அவள் தலையாட்டுவதை நம்பி எழுந்து போகும் மாணவன் தோற்றான். அது சம்மதம் இல்லை, உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு ஆள் எங்கோ போய்விட்டாள் என்று கண்டுபிடிப்பவன் தேறினான். பெரும்பாலும் யாரும் தேறுவதில்லை.

நிஜத்தில் அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். முதலில் இடது காது சுடும். அடுத்தது கட்டைவிரல் மற்ற விரல் நகங்களை ஒவ்வொன்றாகத் தேய்க்கும். அது சுண்டு விரலுக்குப் போய்ச் சேர்வதற்குள் எதிரில் இருப்பவர் ஓடிவிட வேண்டும். ஓடாதவர்களுக்கு, "என்ன, நான் சுவத்தோடவா பேசுறேன்?" என்று தொடங்கும். தொடங்கினால் தெருமுனை வரை கேட்கும். பட்டாசு என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. தெரிந்திருந்தால் அவனும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான்.

அவளைப் போய்ச் சாதுவாக நடிக்க வைத்தது பயிற்சியாளர். எல்லாரும் மேடம் என்றே கூப்பிடுவார்கள். மனநல மருத்துவர், சிரிக்காமல் தமாஷ் பண்ணுகிறவர். "கோபக்காரங்களைக் கோபக்காரரா நடிக்க விட்டா அது நடிப்பு இல்ல, விபத்து" என்பார். அதே கணக்கில், கோபக்காரர் பாத்திரத்தைப் பஞ்சுவிடம் கொடுத்திருந்தார்.

பஞ்சு ஐம்பதை நெருங்கும் மனிதர். பிறந்ததிலிருந்து யாரையும் அதட்டாதவர். அடுத்தவன் மிதித்த காலை இழுத்துக்கொண்டு தானே மன்னிப்புக் கேட்பவர். அவர் மேஜையைத் தட்டி, "எங்கம்மாவை எவ்வளவு நேரம் காக்க வைப்பீங்க?" என்று கத்தினால் மாணவர்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கும் வரும்.

மேடத்துக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. இறங்காமல் அறையை விட்டுப் போகக் கூடாது.

இறங்குவது என்றால் பாத்திரத்திலிருந்து இறங்குவது. எழுந்து, உட்கார்ந்த நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்ப வேண்டும். ஈரத்துணியால் முகத்தை அழுத்தித் துடைக்க வேண்டும். அப்புறம் மேடம் கேட்கும் கேள்விக்கு அவரவர் வீட்டு மனுஷராகப் பதில் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு கேள்வி. அது மாறாது.

பஞ்சுவிடம், "இன்னைக்கு யாருக்கு விட்டுக்குடுத்தீங்க?" என்பார். "பஸ்ல ஒரு பையனுக்கு ஜன்னல் சீட்டைங்க. அப்புறம் தம்பிக்கு என் வெள்ளைச் சட்டையைங்க" என்று பஞ்சு வெட்கத்தோடு சொல்லுவார்.

பட்டாசுவிடம், "காலையில யாரைத் திட்டினீங்க?" என்பார். அவள் பதில் சொல்லச் சொல்ல, சரிங்கம்மா வெயில் பட்ட ஈரம் போல அவளை விட்டுக் காய்ந்து போவாள். "லிஃப்ட்டுக்குள்ள சைக்கிளை ஏத்துறான் மேடம், மேல் வீட்டுக்காரன்! லிஃப்ட்டு உனக்கா, உன் சைக்கிளுக்கான்னு கேட்டேன்." மேடம், "ம், இறங்கிட்டீங்க, போங்க" என்பார்.

அன்றைக்கு அலாரம் அடித்தது. மாணவன் முதலில் ஓடினான். எல்லாரையும் கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்கு விரட்டினார்கள். மூன்றாம் மாடியில் யாரோ ரொட்டியைக் கருக்கியிருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது. அதற்குள் அவளுடைய பஸ் வந்து நின்றது. வந்த பஸ்ஸை விட அவளுக்கு மனசு வரவில்லை. ஏறிவிட்டாள்.

நாற்காலி திரும்பாமல் இருந்தது. முகம் துடைக்கவில்லை. கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் ஒருவன் ஷூவோடு அவள் காலை மிதித்தான்.

"பரவாயில்லங்க" என்றாள்.

அவன் போய்விட்டான். அவள்தான் குனிந்து காலைப் பார்த்தாள். அது வேறு யாருடைய காலோ போல இருந்தது.

*

வீட்டில் அவள் கணவர் குழாயைத் திறந்து விட்டு மறந்திருந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கடுகளவு கீறலைக் கண்டுபிடித்துவிடுவார், குளியலறையிலிருந்து ஹால் வரை வந்த தண்ணீர் கண்ணில் படாது. கதவு திறந்த சத்தம் கேட்டதும் துடைப்பத்தோடு விறைத்து நின்றார்.

"இல்லம்மா, ஃபோன் வந்துச்சு, அதான்..."

"பரவாயில்ல. வாங்க, துடைச்சிரலாம்."

அவர் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. இடி வரட்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. இருவரும் சேர்ந்து துடைத்தார்கள். மகள் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாலாம் வகுப்பு படிக்கிறவள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

அடுத்தடுத்த நாட்களிலும் இடி வரவில்லை. மேல் வீட்டுக்காரன் லிஃப்ட்டில் சைக்கிளை ஏற்றினான். அவள் ஒதுங்கி நின்று கதவைப் பிடித்துக்கொண்டாள். கணவர் சவரம் செய்யும்போது பாட ஆரம்பித்தார். அவருக்குப் பாட வரும் என்பதே அவளுக்குத் தெரியாது. "என்னம்மா, டாக்டருங்க கூட இருந்து இருந்து மாத்திரை ஏதாவது வாங்கிப் போட்டுட்டியா?" என்று கேட்டார். பாதி விளையாட்டு, பாதி நன்றி.

அவளுக்கும் முதலில் பிடித்திருந்தது. தலைவலி வரவில்லை. படுத்ததும் தூக்கம் வந்தது. கல்லூரியில் அந்த வாரம் தேர்வு விடுமுறை. இறங்காததைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

ஒருநாள் மாலை நாத்தனார் வந்தாள்.

கணவருடைய அக்கா. ரயிலில் போனால் அரை நாள் தூரத்தில் பெரிய வீடு. பிள்ளை இல்லை. வீட்டுக்கு எதிரிலேயே நல்ல பள்ளிக்கூடம். வாலுவைத் தன்னிடம் விட்டுவிடச் சொல்லி, வாலு நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். கெட்டவள் இல்லை. கேட்டது கிடைத்துப் பழகியவள். கணவரிடம் கேட்டால், "அவ என்ன சொல்றாளோ" என்பார். அவள் என்ன சொல்வாள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். போன முறை நாத்தனாரின் பெட்டி மாடிப்படியில் தனியாக இறங்கிப் போனது. "பெத்தவ இங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், தத்துக் கேட்டு வர்றாங்களாம்!" என்று பட்டாசு கத்தியதைக் கீழ் வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த முறை நாத்தனார் பெட்டி கொண்டு வரவில்லை. கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காத. நான் கேக்குறதைக் கேட்டுட்டுப் போயிடறேன். புள்ளைக்கு ஸ்கூல்ல இடம் சொல்லி வெச்சிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் எப்ப வேணா வந்து பாக்கலாம். என்ன சொல்ற?"

பட்டாசு வாயைத் திறந்தாள். மாட்டேன் என்ற சொல் நாக்கின் மேலேயே இருந்தது. அதைத் தள்ளிவிட ஆள் இல்லை. வழக்கமாகத் தள்ளிவிடுவது எதுவோ, அது வரும் வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது காது குளிர்ந்து கிடந்தது.

"சரிங்க அண்ணி" என்றாள்.

நாத்தனாருக்குத் தன் காதில் விழுந்ததில் சந்தேகம் வந்துவிட்டது. "என்னது?"

"நீங்க சொன்னா சரிதாங்க."

அது வீட்டில் அவள் பேசும் குரல் இல்லை. கொஞ்சம் தாழ்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கும் குரல். மேடத்தோடு உட்கார்ந்து மாதக்கணக்கில் அவளே செதுக்கிய குரல்.

நாத்தனார் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி வந்தது. இரண்டு பெண்களுக்கு நடுவில் பல வருஷம் கயிறாக இருந்தவருடைய நிம்மதி. வெள்ளிக்கிழமை மாலை வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நாத்தனார் போனாள்.

வாலு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"அம்மா, நீ ஏன் கத்தல?"

"எதுக்குக் கத்தணும்?"

"நான் போக மாட்டேன்."

"சரி."

"அப்ப அத்தைகிட்ட சொல்லு."

"சரி, சொல்றேன்."

ஃபோனை எடுத்தாள். வேண்டாம் அண்ணி, புள்ளை எங்களோடயே இருக்கட்டும். அந்த வரியைக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள். ஒழுங்காக வந்தது. நம்பரை அழுத்தினாள்.

"சொல்லும்மா" என்றாள் நாத்தனார்.

"எத்தனை மணிக்கு வர்றீங்கன்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன் அண்ணி."

வைத்துவிட்டாள். கண்ணாடியில் தெரிந்த பெண் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அதை நிறுத்த, பட்டாசு தன் தாடையைக் கையால் பிடிக்க வேண்டியிருந்தது.

*

வியாழக்கிழமை மாலை அவள் சமையலறையில் நின்றிருந்தாள். வாலு உள்ளே வந்து, மேடையிலிருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்து, தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை விட்டாள்.

தம்ளர் நொறுங்கியது.

"கால்ல குத்திக்காம நில்லு" என்றாள் பட்டாசு. குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள்.

வாலு இன்னொன்றை எடுத்தாள். இந்த முறை வெறுமனே கையை விடவில்லை. எறிந்தாள். துண்டு ஒன்று தெறித்துப் பட்டாசுவின் புறங்கையில் கீறியது.

"பரவாயில்ல கண்ணு."

மூன்றாவது தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாலு அழ ஆரம்பித்தாள். அவள் நிற்கும் தோரணை பட்டாசுவுக்குத் தெரிந்ததுதான். ஒரு கை முதுகுக்குப் பின்னால். அடி விழுந்தால் தடுப்பதற்காக. இந்த வீட்டில் அடி விழுந்திருக்கிறது, இல்லையென்று சொல்ல முடியாது. குழந்தை இப்போது அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

"திட்டும்மா."

பட்டாசு தேடினாள். விலாவுக்குக் கீழே கோபம் கிளம்பும் இடம் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். அங்கே போய்ப் பார்த்தாள். அடுப்பு இருந்த இடத்தில் வெறும் சுவர். புகைக்கறை கூட இல்லை. கோபத்தை மட்டும் யாரோ எடுத்துப் போயிருந்தால் தேவலாம். அதன் மேல் காய்த்த எதையும் காணோம். பயம், பிடிவாதம், என் பிள்ளை என்னும் திமிர், ஒன்றுகூட இல்லை. நாளைக்கு மகள் போய்விடுவாள் என்று தெரிந்தது. அது நாளைக்கு மழை வரலாம் என்பது போலத் தெரிந்தது.

இது தப்பு என்பதும் தெரிந்தது. மரத்துப் போன காலைப் பார்த்து, இது என் கால் என்று அறிவது போல.

"அம்மா, நீ யாரு?" என்று கேட்டாள் வாலு. விளையாட்டாகக் கேட்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை கல்லூரி திறந்தது. அவள் நேராக மேடத்தின் அறைக்குப் போனாள்.

"அன்னைக்கு நான் இறங்காம போயிட்டேங்க மேடம்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அலாரம் அன்னைக்கா? வாங்க, இப்ப இறங்கிடுவோம்."

அதே அறை. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். மேடம் எதிரே நின்று கேட்டார்.

"காலையில யாரைத் திட்டினீங்க?"

"யாரையும் இல்லைங்க."

"நேத்து?"

"இல்லைங்க மேடம்."

"யார் மேலயாச்சும் எரிச்சல்?"

அவள் நிதானமாக யோசித்தாள். "இருக்கணுங்க. இல்லைங்க."

நடந்ததை எல்லாம் சொன்னாள். நாத்தனாரை, தம்ளர்களை, அன்று மாலை நடக்கப்போவதை. மேடம் நடுவில் பேசாமல் கேட்டார். அது அவருடைய தொழில்.

"பாருங்க, குணம்னு தனியா ஒரு பொருள் கிடையாது. அடிக்கடி மழை பேஞ்சா அதை மழை ஊருன்னு சொல்றோம். அடிக்கடி கோபம் வந்தா கோபக்காரின்னு சொல்றோம். ஒரு வாரம் மழை பெய்யலைன்னா ஊரு காணாம போயிடுமா?"

"ஊரு இருக்குதுங்க. ஆளுங்களைத்தான் காணோம்."

மேடம் சிரிக்கவில்லை. "நான் வேணா உங்க நாத்தனார்கிட்ட பேசவா?"

"அவங்ககிட்ட பேசி என்னங்க ஆகும்? சரின்னு சொன்னது நான். நீங்க பேசினாலும், அவங்க என்னைத்தான் பாப்பாங்க. நான் தலையாட்டுவேங்க."

மேடம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அடுத்த அறையிலிருந்து ஒரு குரல் சுவரைத் தாண்டி வந்தது.

"என்ன, நான் சுவத்தோடவா பேசுறேன்?"

பட்டாசு சுவர்ப் பக்கம் திரும்பினாள். ஆண் குரல்தான். ஆனால் 'என்ன'வை இழுத்து, 'சுவ'வில் எச்சில் தெறிக்க அழுத்தி, கடைசிச் சொல்லை மேலே தூக்கிப் போடும் விதம் அவளுடையது. பதிவு செய்து கேட்டது போல இருந்தது.

மேடத்தின் முகம் மலர்ந்தது. "பஞ்சு. வந்து பாருங்க, அசந்துடுவீங்க. விடுமுறையிலயும் தேறாத பசங்களுக்கு வந்து நடிச்சுக் குடுத்தாரு. அலாரம் அடிச்ச அன்னைல இருந்து மனுஷன் வேற ஆளு."

கண்ணாடியின் மறுபக்கத்து இருட்டுக்குக் கூட்டிப் போனார். பட்டாசு ஜன்னலில் பார்த்தாள்.

மாணவி ஒருத்தி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். பஞ்சு கத்தவில்லை இப்போது. தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார், அதுதான் இன்னும் மோசம். அவர் இடது காது மட்டும் சிவந்திருந்தது. மேஜைக்குக் கீழே கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் நகத்தைத் தேய்த்து, அடுத்ததற்குப் போய், அடுத்ததற்குப் போனது. பட்டாசுவுக்கு அதை எண்ண வேண்டியிருக்கவில்லை. சுண்டு விரலைத் தொட்டதும் மேஜையில் அறை விழும் என்று தெரியும். விழுந்தது. மாணவி துள்ளினாள். மேடமும்.

முப்பத்தைந்து வருஷம் தன் கோபத்தை அவள் உள்ளே இருந்து மட்டுமே பார்த்திருக்கிறாள். வெளியே இருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. அது அழகாக இருந்தது. கூடவே, அதற்கு முன்னால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பதும் தெரிந்தது.

"அலாரம் நின்னதும் அவருதானே அந்த ரூமுக்குள்ள போனாரு?" என்று கேட்டாள்.

"ஆமா. உங்களுக்கு அடுத்த முறை அவருது."

"நாற்காலியைத் திருப்பிட்டு உட்கார்ந்தாரா?"

"அது ஏற்கெனவே நேராத்தானே இருந்துச்சு" என்றார் மேடம். சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று யோசிப்பவர் போல அவளைப் பார்த்தார்.

மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறினாள். மேடம் உள்ளே போனார். பட்டாசு ஜன்னலுக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

"அருமை. இறங்குங்க" என்றார் மேடம். "இன்னைக்கு யாருக்கு விட்டுக்குடுத்தீங்க?"

"யாருக்கும் இல்ல."

"நான் கேட்டது..."

"காது கேக்குது மேடம். யாருக்கும் இல்ல."

நாற்காலியை அவர் திருப்பவில்லை. ஈரத்துணியைத் தொடவில்லை. மேடம் ஏதோ சொல்ல வந்து, அந்த மாணவியின் மார்க்கைப் போட வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மேடம் எதற்காவது பின்வாங்கிப் பட்டாசு பார்த்ததில்லை.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"வா தங்கச்சி" என்றார் பஞ்சு. சின்னப் பிள்ளைகளைக்கூட வாங்க போங்க என்று பேசியவர். "நீ எப்ப வருவேன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"உக்காந்த உடனே தெரிஞ்சுது. நாற்காலி சூடா இருந்துச்சு. நீ எந்திரிச்சுப் போன சூடுன்னு நினைச்சேன். அது அடங்கல. முதுகு வழியா ஏறுச்சு. காதுல வந்து நின்னுச்சு." இடது காதைத் தொட்டுக் காட்டினார். நகை போட்டுப் பார்க்கிறவர் போலத் தொட்டார். "அன்னைக்குத்தான் எதிர்ல இருந்த பையன் என்னைப் பாத்துச் சிரிக்கல."

"அண்ணே, என் பொண்ணை இன்னைக்குச் சாயங்காலம் கூட்டிட்டுப் போறாங்க. எனக்கு மறுப்புச் சொல்ல வரல. அதைத் திருப்பிக் குடுத்துருங்க. ஒரு நாளைக்காவது குடுங்க."

"எப்படிக் குடுக்கிறது?"

"நீங்க இறங்குங்க. நாற்காலியைத் திருப்பாம விடுங்க. நான் உக்கார்றேன்."

சாவியை மாற்றிக்கொள்வது போல அது அவ்வளவு எளிதாக ஒலித்தது. பஞ்சு எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என் தம்பி எங்க வீட்ல பதினோரு வருஷமா இருந்தான். தெரியுமா? என் கட்டில்ல அவன் படுத்தான், நான் ஹால்ல படுத்தேன். என் சட்டையைப் போட்டுக்கிட்டு என் முன்னாடியே, 'அண்ணன் ஒரு அசடு'ன்னு சொல்லுவான். நானும் சேந்து சிரிப்பேன். போன வாரம் போகச் சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். போயிட்டான். என் வீட்டுக்காரி என்னை நிமிந்து பாத்தா, தங்கச்சி. கல்யாணம் ஆனதுல இருந்து இப்பத்தான் நிமிந்து பாக்குறா."

"சந்தோஷங்கண்ணே" என்றாள். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அதுதான் பயங்கரம் என்று எங்கோ தூரத்தில் தோன்றியது.

"பாத்தியா? இந்த இடத்துல நீ சந்தோஷப்படுற." அவர் முன்னால் குனிந்தார். அவர் கண்ணில் அவளுக்குத் தெரிந்த ஒருத்தி இருந்தாள். அடையாளம் கண்டுகொள்ளாதவள் போல அவளைப் பார்த்தாள். "நீ இதை வெச்சு என்ன செஞ்ச? பால்காரனைத் திட்டின. சைக்கிள்காரனைத் திட்டின. புருஷனைத் துடைப்பத்தோட நிக்க வெச்ச. அந்தப் புள்ளை மேல கை வெச்சிருக்கியா இல்லையா?"

"வெச்சிருக்கேங்க."

"அப்புறம்?"

"அவளையும் அதுதாங்க பிடிச்சு வெச்சிருந்துச்சு."

பழைய பஞ்சு உள்ளே எங்கோ அசைந்தார். அவர் பார்வை தாழ்ந்து, கைப்பிடியில் விரல்கள் தளர்ந்தன. எழுந்துவிடுவார் என்று நினைத்தாள். வெளியே நடையில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பஞ்சுவின் கட்டைவிரல் தானாக ஆள்காட்டி விரலின் நகத்துக்குப் போனது.

"பாவம்தான். எனக்குத் தெரியுது" என்றார். "ஆனா தெரிஞ்சா மட்டும் எந்திரிச்சிருவாங்களா? நீ எந்திரிச்சிருப்பியா?"

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். அவரைத் தோளைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. படிப்படியாக, செய்முறை மாதிரி. கைகள் இரண்டும் வயிற்றின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. சரிங்கம்மா கையை அப்படித்தான் வைத்துக்கொள்வாள். அவள் அவற்றைப் பார்த்தாள். அவை நகரவில்லை.

கண்ணாடிச் சுவரில் இரண்டு பேர் தெரிந்தார்கள். உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இகழ்ச்சியாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"வேணும்னா என்கிட்ட இருந்து பிடுங்கிக்க தங்கச்சி, நான் தடுக்கல. ஆனா பிடுங்குறதுக்கும் இதுதானே வேணும்? எதை வெச்சுப் பிடுங்குவ?"